பாட்டு உங்களுடையது, தாளில் யாருடையது? – தனியிசைக் கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்கள் அதிகம். ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் முதல் பாடல் வரும் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. ஸ்பாட்டிஃபை தளத்தின் பாடல் பட்டியல்களில் இடம்பெற இப்போது என்ன செய்ய வேண்டும்? – கோயம்புத்தூர்

நீங்கள் எழுதியது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் நடக்காது, வெளியீட்டைத் தள்ளிப்போடுங்கள். பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாடலை முன்மொழிவதெல்லாம் அது வெளியாவதற்கு முன்புதான். வெளியான பிறகு அந்தக் கதவு மூடிவிடும். ஏழு நாட்களாவது முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ‘ரிலீஸ் ராடார்’ பட்டியலுக்காவது பாடல் போய்ச் சேரும். ஆனால் ஏழு நாள் என்பது விளிம்பு. நான் நான்கு வாரம் வைத்துக்கொள்கிறேன். உங்கள் பாடலை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்திலேயே சில நாட்கள் கழியும். அட்டைப்படம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னும் சில நாட்கள். ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய பாட்டுக்கு நான்கு வாரம் பொறுக்கக் கூடாதா?

என் பாடலை 800 முறை கேட்டிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லையே? – வேலூர்

வராது. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாடலுக்குத்தான் அங்கே பணம். 1,000-ஐத் தாண்டினாலும் வருவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதுமா என்பதே சந்தேகம். அந்த எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சென்னையில் நாற்பது பேர் உட்காரும் காபிக் கடை ஒன்றில் பாட அழைக்கிறார்கள். டிக்கெட் வசூலில் 70 சதவீதம் தருவதாகச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? – திருச்சி

கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். டிக்கெட் 300 ரூபாய், நாற்பது பேர், நிரம்பினால் 12,000. முதல் முறை போகிற ஊரில் பாதி நாற்காலிதான் நிரம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 6,000. உங்கள் பங்கு 4,200. நீங்களும் கஹோன் (பெட்டி வடிவத் தாள வாத்தியம்) வாசிப்பவரும் திருச்சியிலிருந்து போய்வர வண்டிச் செலவு, ஓர் இரவு தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அவருடைய சம்பளம், ஒரு செட் கிதார் தந்தி. இவற்றின் கீழே கடைசி வரியாக உங்கள் சம்பளம். அந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வசூலில் பங்கு மட்டும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்சமாக இவ்வளவு, அதற்கு மேல் வசூலானால் பங்கு என்று கேளுங்கள். பாதித் தொகை முன்பணம். தேதி, நேரம், தொகை, ஒலிபெருக்கியும் மைக்கும் யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். இன்னொன்று: கூட வாசித்தவருக்கு அன்றிரவே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வந்ததா, வரவில்லையா என்பது அவர் கவலை அல்ல.

ரயிலில் கிதாரை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது? – விருதுநகர்

மேல் பெர்த் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். கிதாரைச் சுவரோரம் படுக்கவைத்து நீங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளினால் நள்ளிரவில் ஏறுகிறவரின் இரும்புப் பெட்டி அதன்மேல்தான் இடிக்கும். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ரயிலைவிட எனக்குப் பயம் கார்தான். ஒரு மே மாதம் திண்டுக்கல்லில், வெயிலில் நின்ற கார் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிதாரை விட்டுவைத்தேன். எடுத்துப் பார்த்தபோது பசை இளகி, தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பலகையைவிட்டு எழும்பியிருந்தது. இடுக்கில் விரல் நகம் நுழைந்தது. அன்றிரவு கச்சேரியை இரவல் கிதாரில் பாடினேன்.

ஓர் இசை நிறுவனம் என் மூன்று பாடல்களுக்கு 15,000 ரூபாய் தருகிறது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 11 பக்கம், இன்னும் படிக்கவில்லை. நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். நாளைக்கே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? – திருநெல்வேலி

போடாதீர்கள். படிக்காத தாளைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்கிறீர்கள். நானும் அதைப் படிக்கவில்லையே! அவர்கள் நல்லவர்களா என்பது இங்கே பேச்சே இல்லை. அந்த நல்லவர் நாளை நிறுவனத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். வாங்கியவர் கையில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்துள்ள அந்த 11 பக்கம்தான்.

ஒரு பாட்டுக்குள் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று சொத்துகள் இருக்கின்றன. பாடிய குரலுக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. ஒலிப்பதிவுக்கு முன்னின்று செலவழித்தவர் அந்தப் பதிவுக்கு உரிமை கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல ஒப்பந்தங்கள் பதிவை வாங்குவதாகத் தொடங்கி, நடுப் பக்கத்தில் எங்கோ மெட்டையும் வரிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் அது எந்தப் பத்தி என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள். சினிமாவில் வராத தனிப்பாடலாக இருந்தாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்குக் கொடுக்கலாம். வேறு யாராவது எழுதி வாங்கினால் அது செல்லாது. எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகி உங்களிடமே திரும்பும்.

இந்த மூன்று பாதுகாப்பையும் அவர்களுடைய வழக்கறிஞர் உங்களைவிட நன்றாக அறிவார். அதனால்தான் ‘என்றென்றைக்கும்’ என்றும் ‘உலகம் முழுவதும்’ என்றும் ‘பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீடிக்கும்’ என்றும் மறக்காமல் எழுதிவைக்கிறார்கள். சட்டம் காலியாக விட்ட இடத்தில்தான் உங்களுக்குச் சாதகம். அவர்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் போயிற்று. ஆகவே படிக்க வேண்டும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் வரிவரியாகப் படித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். 2011-இல் நான் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். தேநீர்க் கடை மேசையில், டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இருந்த தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். 20,000 ரூபாய். அதில் ஒரு பாட்டு, என் அம்மா அரிசி புடைக்கும் தாளத்தில் பிறந்தது. முறத்தின் மூன்று தட்டு, ஒரு வீச்சு. அதுதான் பல்லவியின் நடை. மூன்று வருடம் கழித்து விழுப்புரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில், ஓட்டுநர் தலைக்கு மேலே இருந்த டிவியில் அந்த நடை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நகைக்கடை விளம்பரம். என் வரிகள் இருந்த இடத்தில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’. அம்மா அப்போது உயிரோடு இல்லை. ஊருக்கு வந்து, பரணில் கிடந்த ஒப்பந்தத்தை எடுத்து முதல் முறையாக முழுவதும் படித்தேன். நான்காம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் படைப்பாளிக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. எனக்கு அது தெரியவந்தபோது விளம்பரமே ஓய்ந்துபோயிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை: இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். உரிமையை விற்காமல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு உரிமம் மட்டும் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் உங்கள் தனி ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்யுங்கள். வரி எழுதுகிறவர்களுக்கும் மெட்டமைப்பவர்களுக்கும் 1969 முதல் இருக்கிற சங்கம் அது. இன்னும் எத்தனை பேர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஒலிப்பதிவில் தாளம் வாசித்த நண்பர் பாட்டில் பங்கு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? – மதுரை

மெட்டிலோ வரியிலோ அவர் கை இருந்தால் கொடுக்க வேண்டும். நீங்கள் அமைத்த பாட்டுக்கு வாசித்தார் என்றால் சம்பளமும் பாட்டின் விவரத்தில் அவர் பெயரும். இந்தப் பேச்சு ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் நடந்திருக்க வேண்டும். அடுத்த பாட்டுக்காவது யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழைய சினிமாப் பாட்டை என் பாணியில் பாடி வெளியிடலாமா? மேடையில் பாடலாமா? – சேலம்

இரண்டும் வேறு வேறு. மேடையில் பாடுவதற்கான உரிமத்தை நிகழ்ச்சி நடத்துகிறவர் பொதுவாக ஐபிஆர்எஸ்ஸிடம் வாங்குவார். வாங்கினாரா என்று கேளுங்கள். ஒலிப்பதிவாக வெளியிடுவது கடினமான பாதை. சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது: முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். அந்தச் செலவில் சொந்தப் பாட்டு இரண்டு பதிவு செய்யலாம்.

3,000 ரூபாய் கொடுத்தால் 50,000 ஸ்ட்ரீம் காட்டுவதாக ஒருவர் சொல்கிறார். – ஈரோடு

வேண்டாம். கேட்பது மனிதர்கள் அல்ல, இயந்திரங்கள். கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை விநியோகத் தளத்துக்கு அபராதம் போடும். அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டிப் பாடலையும் நீக்கிவிடுவார்கள்.

விநியோகத் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்ட மறந்துவிட்டேன். என் நான்கு பாடல்களும் எல்லாத் தளங்களிலிருந்தும் காணாமல் போய்விட்டன. – நாகர்கோவில்

பழைய ஐஎஸ்ஆர்சி எண்களை, அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக உள்ள அடையாள எண்களைத் தேடி எடுங்கள். அதே ஒலிக் கோப்பு, எழுத்தும் இலக்கமுமாக 12 குறி கொண்ட அதே எண்ணோடு திரும்ப ஏற்றினால் பழைய கேட்பு எண்ணிக்கை பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். புது எண் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பவர்களின் கடிதம் எனக்கு மாதம் ஒன்று வருகிறது.

கல்லூரி நிகழ்ச்சிக்குப் பேசிய தொகையில் பத்து சதவீதம் பிடித்துவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா? – தஞ்சாவூர்

இல்லை, அது டிடிஎஸ், பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்தால், வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாதவருக்கு முழுவதும் திரும்ப வரும். பான் எண் கொடுக்காவிட்டால் இருபது சதவீதம் பிடிப்பார்கள். ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடும்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

சொந்தப் பாட்டைப் பாடும்போது பாதியில் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்துகிறார்கள். மனம் உடைகிறது. – புதுச்சேரி

அவர்களுக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை. கூடச் சேர்ந்து பாட வேண்டும் என்கிறார்கள். தெரிந்த பாட்டில்தான் சேர்ந்து பாட முடியும். ஆகவே உங்கள் பாட்டைத் தெரிந்த பாட்டாக்குங்கள். நிகழ்ச்சியின் இரண்டாவது பாட்டாக, இரண்டு வரிப் பல்லவி உள்ள ஒன்றை வையுங்கள். கிதாரை நிறுத்திவிட்டு, வாத்தியார் சொல்லிக்கொடுப்பதுபோல் மூன்று முறை சொல்லிக்கொடுங்கள். முதல் முறை நாலு பேர் முணுமுணுப்பார்கள். மூன்றாவது முறை பின்வரிசையில் சமோசா தின்றுகொண்டிருப்பவரும் கை தட்டுவார். ஒரு சினிமாப் பாட்டைக் கடைசியில் பாடினாலும் தவறில்லை.

விளம்பரத்துக்கு இன்ஸ்டாகிராமில் மாதம் எவ்வளவு செலவழிக்கலாம்? – சென்னை

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஊர், பெயர், கைப்பேசி எண் என்று மூன்று கட்டம். கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு, பேனாவோடு அதைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது மதுரைக்காரர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புங்கள், பெயர் சொல்லி. முப்பது பேருக்கு அனுப்பினால் பத்துப் பேர் வருவார்கள், ஆளுக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு. இதற்குப் பிறகும் கையில் பணம் இருந்தால் இன்ஸ்டாகிராமுக்குக் கொடுங்கள்.

தொடர்ந்து மூன்று நாள் பாடினால் தொண்டை கட்டிவிடுகிறது. – ஊட்டி

பாட்டு காரணமாக இருக்காது; கச்சேரிக்குப் பின் இரைச்சலில் இரண்டு மணி நேரம் பேசுவதுதான் காரணமாக இருக்கும். தண்ணீர், தூக்கம், ஆவி. குசுகுசுவென்று பேசாதீர்கள்; அது தொண்டைக்கு இன்னும் கெடுதல். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

திறந்தவெளி நிகழ்ச்சி. இரவு 9.30-க்கு என் முறை என்கிறார்கள். சரியா? – கும்பகோணம்

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. முன்னால் பாடுகிறவர்கள் பத்துப் பத்து நிமிடம் நீட்டினால் உங்களுக்கு ஒரு பாட்டுக்கூட மிஞ்சாது. எட்டு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதையும் எழுத்தில் வாங்குங்கள்.