மூன்று நாள் கல்யாணச் சாப்பாடு, ஏறிய எடை: இனி என்ன செய்வது?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 41, உயரம் 158 செ.மீ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. ஐந்து மாதமாகச் சாப்பாட்டைக் கவனித்து 78 கிலோவிலிருந்து 72.4க்கு வந்திருந்தேன். சமீபத்தில் மாட்டுங்காவில் சித்தப்பா மகள் கல்யாணம். மூன்று நாளும் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டேன். மறுநாள் காலை எடை 74.7. அன்றிலிருந்து காலையில் வெறும் எலுமிச்சைச் சாறு, மதியம் வெள்ளரிக்காய். சாயங்காலம் ஆபீஸ் விட்டு சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வருவதற்குள் தாங்க முடியாமல் இரண்டு வடாபாவ் வாங்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் சீர் பட்சணம். ஒன்பது நாளாகியும் எடை இறங்கவில்லை. இரண்டு நாள் தண்ணீரும் ஜூஸும் மட்டும் குடித்து உடம்பைச் சுத்தம் செய்தால் பழைய எடைக்கு வந்துவிடலாமா? அடுத்த மாதம் டோம்பிவிலியில் நாத்தனாருக்கு வளைகாப்பு வேறு இருக்கிறது.

பதில்: வேண்டாம், அந்த இரண்டு நாள் பட்டினியை விட்டுவிடுங்கள். நாளைக் காலை எழுந்ததும் வயிறார டிபன் சாப்பிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, கல்யாணத்தில் சாப்பிட்டதைவிட அதற்குப் பிறகு பட்டினி கிடந்த ஒன்பது நாள்தான் உங்களை அதிகம் பாதித்திருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கணக்கோடு பார்ப்போம். கணக்குத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். எடை மெஷின் காட்டிய 2.3 கிலோவும் கொழுப்பு என்றால், மூன்று நாளில் 17,700 கலோரி உபரி. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் அன்றாடத் தேவை 1,900 கலோரியை ஒட்டி இருக்கும். அப்படியானால் நீங்கள் ஒவ்வொரு நாளும் வழக்கமான சாப்பாட்டைப் போல நான்கு மடங்கு சாப்பிட்டிருக்க வேண்டும். காலையில் பொங்கல், வடை, அசோகா அல்வா, மதியம் பாயசத்தோடு இலைச் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி, ரிசப்ஷனில் பாவ்பாஜியும் ஜிலேபி ரபடியும் என்று ஒன்றையும் விடாமல் சாப்பிட்டிருந்தாலும் அந்த அளவு வராது. தாராளமாகவே கணக்குப் போட்டு, தேவைக்கு மேல் நாளுக்கு 1,500 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு 4,500. அதாவது 600 கிராம் கொழுப்பு.

சரி, மீதி 1.7 கிலோ எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் தசைகளில் 400 கிராமும் சேமித்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். நீங்கள் ஐந்து மாதமாக அளவோடு சாப்பிட்டதால் அந்த இருப்பு குறைந்திருக்கும். சோறும் இனிப்பும் உள்ளே போனதும் அது மறுபடி நிரம்பியிருக்கிறது. 300 கிராம் கிளைகோஜன் சேர்ந்தாலே தண்ணீரோடு 1.2 கிலோ. அப்புறம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவுதான் அது. ஊறுகாய், அப்பளம், சாம்பார், ரசம், வறுவல், சிப்ஸ் என்று வரிசையாக வரும் கல்யாண நாளில் இதை எளிதாகத் தாண்டிவிடுவோம். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரையும் பிடித்து வைக்கும். இன்னும் வெளியேறாத சாப்பாட்டின் எடை வேறு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களாக இருந்தால் அதனாலும் முள் மேலே போயிருக்கும்.

இந்தத் தண்ணீர் எடை, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினாலே சில நாட்களில் இறங்கிவிடும். அதற்கு ஜூஸ் விரதமோ ‘டீடாக்ஸ்’ பொடியோ தேவையில்லை. சுத்தம் செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஜூஸ் மட்டும் குடித்தால் பழத்தின் சர்க்கரை வரும், நார்ச்சத்தும் புரதமும் வராது, மூன்றாம் நாள் பசி இன்னும் கடுமையாக இருக்கும்.

அந்த 600 கிராமுக்கு வருவோம். ஐந்து மாதத்தில் 5.6 கிலோ குறைத்திருக்கிறீர்கள். தேவையைவிட நாளுக்குச் சராசரியாக 300 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இது நல்ல வேகம், நிலைக்கக்கூடிய வேகம். அதே வழக்கத்துக்குத் திரும்பினால் 4,500 கலோரியைக் கரைக்க 15 நாள் போதும். சித்தப்பா மகள் கல்யாணத்தில் மூன்று நாள் சந்தோஷமாகச் சாப்பிட்டதற்குக் கொடுக்கும் விலை அவ்வளவுதான். ஐந்து மாத உழைப்பு அப்படியே இருக்கிறது.

இப்போது இந்த ஒன்பது நாளைப் பாருங்கள். காலையிலிருந்து பட்டினி. சாயங்காலம் ஏழு மணிக்கு சிஎஸ்எம்டியில் கொதிக்கும் எண்ணெயில் வடை விழும் வாசனை வரும்போது யாராலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. இரண்டு வடாபாவில் 600 கலோரி வந்துவிடும். ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறையில் பட்சண டின்னைத் திறந்து, நின்றுகொண்டே நான்கு கை முறுக்கும் இரண்டு லட்டும் சாப்பிட்டால் இன்னும் ஒரு 700. நாள் முழுக்கப் பிடித்த மிச்சம் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. அதற்கு மேல் ராத்திரிச் சாப்பாடு. இப்படியே போனால் எடை எப்படி இறங்கும்?

இதில் உங்கள் மனஉறுதிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுப்பாடு கூடினால் அது உடையும்போது பெரிதாக உடையும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று எல்லார் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘இன்னிக்குத்தான் கெட்டுப்போச்சே, இனிமே என்ன, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்’ என்று நாம் எல்லாரும் சொல்லும் அந்த வார்த்தைதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பலரின் எடை ஏறியது விருந்தால் அல்ல, விருந்துக்கும் அந்தத் திங்கட்கிழமைக்கும் நடுவில் இருந்த நாட்களால்.

ஆகவே நாளைக் காலையே ஆரம்பியுங்கள். மூன்று இட்லி, நிறையப் பருப்பு போட்ட கெட்டிச் சாம்பார். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கூடவே ஒன்று அவித்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இரண்டு சப்பாத்தி, பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்கள் செய்வதுபோல முளைகட்டிய மட்கி (நரிப்பயறு) போட்ட உசல் என்ற மசாலாக் கறி, ஒரு காய், தயிர். ராத்திரி ஒரு கப் சோறு, அதே அளவு பருப்பு அல்லது 100 கிராம் பனீர், சோற்றைவிட இரண்டு பங்கு பொரியல். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தட்டில் பாதி காயும் பழமும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. புரதம் நாளுக்கு 60 கிராமாவது வர வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்ற இந்தியப் பரிந்துரையை வைத்து உங்களுக்கு இவ்வளவு சொல்கிறேன். நம் வீட்டுச் சைவச் சாப்பாட்டில் பெரும்பாலும் இடிக்கும் இடம் இதுதான். சாம்பாரில் மேலே தெளிவாக நிற்பதை ஊற்றிக்கொண்டு, பருப்பு சாப்பிட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் நாளில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், சாயங்காலம் ஐந்து மணியைக் கேட்பேன். ஆபீஸ் மேஜை இழுப்பறையில் வறுத்த கொண்டைக்கடலை ஒரு பாட்டிலில் இருக்கட்டும். 30 கிராம், ஒரு கைப்பிடி. அதோடு ஒரு கொய்யா அல்லது ஒரு தம்ளர் மோர். இதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், அதே ஸ்டேஷன் அதே வாசனையோடு இருந்தாலும் உங்களால் கடந்து போக முடியும். அப்படியும் ஒரு நாள் வடாபாவ் வேண்டும்போல் இருந்தால் ஒன்று வாங்கி, சாப்பிட்டு, ராத்திரி ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ரத்து செய்ய வேண்டாம்.

சீர் பட்சணத்தை நாளைக்கே பிரித்துவிடுங்கள். கட்டட வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, ஆபீஸ் சகாக்கள் என்று கொடுக்க ஆள் இல்லாமலா போகும்? கல்யாணப் பட்சணம் நாலு பேருக்குக் கொடுப்பதற்குத்தானே செய்வது. உங்களுக்கென்று நான்கு முறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்தால் தட்டில் வைத்து, உட்கார்ந்து, டீயோடு சாப்பிடுங்கள்.

நடையைத் தண்டனையாக்க வேண்டாம். ஒரு மணி நேர வேக நடையில் உங்கள் எடைக்கு 250 முதல் 300 கலோரி செலவாகும், அதாவது ஒரு வடாபாவ். சாப்பிட்டதை நடந்தே கழிக்கலாம் என்று இறங்கினால் முழங்கால்தான் வலிக்கும். ராத்திரி சாப்பிட்ட பிறகு காம்பவுண்டுக்குள் 15 நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறுவதை அது மட்டுப்படுத்தும். கூடவே, சமையலறையிலிருந்து உங்களை வெளியேயும் கொண்டுவரும். எடை மெஷினை ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எட்டாம் நாள் காலை, கழிப்பறை போய்விட்டு வெறும் வயிற்றில் பாருங்கள். அதன் பிறகு வாரம் ஒரு தடவை, அதே கிழமையில்.

இன்னொரு விஷயத்தைக் கவனித்துச் சொல்ல வேண்டும். கல்யாணம், பண்டிகை எதுவும் இல்லாத நாட்களிலும் குறைந்த நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, ஒளிந்து சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் துடிப்பது என்று வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடந்தால், அது சிகிச்சை உள்ள ஒரு உடல்நலப் பிரச்சினை. சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ தொடங்கியிருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இதைப் படிக்கும் மற்றவர்களில் யாராவது சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரிடம் கேட்காமல் எந்தப் பட்டினியும் இருக்க வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஏகாதசி விரதம் இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

வளைகாப்புக்கு முன்னாலேயே பட்டினி கிடந்து இடம் ஒதுக்கிவைக்க வேண்டாம். அன்று காலை வழக்கமான டிபனைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். செம்பூரிலிருந்து டோம்பிவிலி போய்ச் சேர்ந்து, வளையல் அடுக்கி முடிந்து பந்தி போடும்போது எப்படியும் நேரமாகிவிடும். கலந்த சாதம் ஐந்து வகை வரும். மாங்காய் சாதமோ தேங்காய் சாதமோ, நிஜமாகவே பிடித்த இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, தினமும் வீட்டில் செய்யும் தயிர்சாதத்தை விட்டுவிடுங்கள். இனிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெதுவாகச் சாப்பிடுங்கள். மாமி யாராவது பக்கத்தில் நின்று ‘இன்னும் ஒண்ணு போட்டுக்கோடி’ என்றால், இலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ‘இதை முடிச்சுட்டு வாங்கிக்கறேன் மாமி’ என்று சொல்லிவிடுங்கள். இலை காலியாக இருந்தால்தான் கரண்டி வரும். கிளம்பும்போது கொடுக்கும் பட்சணப் பையை மறுநாள் ஆபீஸுக்கே எடுத்துப் போய்விடுங்கள். அன்று ராத்திரி பசித்தால் மோர் சாதம் கொஞ்சம், பசிக்காவிட்டால் மோர் மட்டும். அடுத்த நாள் காலை, பழையபடி மூன்று இட்லி.