ஒட்டக மந்தையில் கன்று வீச்சு நோய் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்தே சொல்லிவிட முடியுமா, ஒரு இரத்தப் பரிசோதனை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என் பதில், இல்லை. ஓமானின் தோஃபார் பகுதியில் கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த நோயைத் தரும் புருசெல்லா கிருமி தொற்றினால் சினை ஒட்டகம் கன்று வீசலாம், அதாவது கரு கலைந்துவிடலாம். சினை இல்லாதது நன்றாக மேயும், அசை போடும். எந்தக் குறையும் தெரியாது.

அதனால் மந்தை முழுவதிலும் இரத்தம் எடுக்க வேண்டும். ஒட்டகத்தை உட்காரவைத்து, முன்னங்காலை மடக்கிக் கட்டி, கழுத்து நரம்பில் எடுப்போம். முதலில் ரோஸ் பெங்கால் சோதனை. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு சீரம் (இரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்), ஒரு சொட்டு ஆன்டிஜென் (இளஞ்சிவப்புச் சாயமேற்றிய செத்த புருசெல்லா கிருமி உள்ள நீர்). குச்சியால் கலந்து 4 நிமிடம் தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அந்த இளஞ்சிவப்பு நீர் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரளும். ஆனால் யெர்சினியா வகைக் கிருமி ஒன்று வந்துபோயிருந்தாலும் இப்படித் திரளலாம். அதனால் எலிசா என்ற இன்னொரு எதிர்ப்பொருள் சோதனையிலும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மாட்டுக்கான எலிசா கிட் ஒட்டகத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒட்டகத்தின் எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதிக்கு, மாட்டுடையதில் இருக்கும் இலகு சங்கிலி என்ற புரதப் பகுதியே கிடையாது. 1993-இல் பெல்ஜிய விஞ்ஞானிகள் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. ஒட்டகத்தில் சரிபார்த்த கிட்டா என்று கேட்டு வாங்குங்கள்.

பால் வளையச் சோதனையும் அப்படித்தான். பசும்பாலில் சாயமேற்றிய செத்த கிருமியைக் கலப்போம்; நோய் இருந்தால் அந்தக் கிருமியோடு ஆடை மேலே வந்து நீல வளையம் கட்டும். ஒட்டகப் பாலில் ஆடை எளிதில் மேலெழும்பாது. வளையம் இல்லையே, நோய் இல்லை என்று எழுதிவிடுவார்கள். நோயற்ற பசுவின் பாலைக் கொஞ்சம் கலந்தால் வளையம் சரியாகத் தெரியும்.

அப்புறம், ஆடுகளை விட்டுவிடாதீர்கள். ஒட்டகத்துக்குப் பெரும்பாலும் அவற்றிடமிருந்துதான் வருகிறது.

இந்த நோய் பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் வரும். ஒருமுறை, அங்கே ஒட்டகம் பார்த்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் நுரை பொங்கக் கறந்து, "சூடா குடிங்க தம்பி, காய்ச்சினா ருசி போயிடும்" என்று கிண்ணத்தை நீட்டினார். ஒரு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல், இடுப்பு வலி என்று காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மந்தையில் நோய் உறுதியானதும், "ஒட்டகம் கறக்கிறேன், பச்சைப்பால் குடிக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கண்ணே" என்று அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அவர் இரத்தத்தையும் சோதித்தார்கள். 6 வாரம் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது.