பிணை இல்லாமல் கொடுத்த கடன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். என் அக்காவின் மகன் ஏ.எல். கணிதப் பிரிவில் படித்தவன். விமானி ஆகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கொழும்புப் பக்கம் ஒரு பறப்புப் பயிற்சிப் பாடசாலையில் சேர்த்தோம். முழுக்காசையும் ஒரேயடியாகக் கட்டினால் கழிவு தருவதாகச் சொன்னார்கள். அக்காவின் நகையை அடகு வைத்து, கனடாவில் இருக்கும் மாமா அனுப்பியதையும் போட்டுக் கட்டினோம். அறுபது மணித்தியாலம்கூட அவன் பறக்கவில்லை. விமானம் பழுது, காலநிலை சரியில்லை என்று நாள் கடத்தினார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் கேற் பூட்டியிருக்கிறது. இப்போது ஊரில் 'கமக்காரன் வீட்டுப் பெடியனுக்கு எதுக்குப் பிளேன்' என்கிறார்கள். அத்தானும் அதையே சொல்கிறார். இன்னொரு பாடசாலையில் கேட்டோம், அவர்களும் முழுக்காசைத்தான் கேட்கிறார்கள். இது எங்கள் பேராசைக்குக் கிடைத்த அடியா? இனி என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

பேராசைக் கதையை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். கிபிர் போர் விமானத்தின் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய ஊரில் இருந்து ஒரு பெடியன் விமானம் ஓட்டப் போகிறான் என்றால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடி வாங்கியது நீங்கள் மட்டுமும் இல்லை. 2008 பெப்ரவரியில் அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ் என்ற பாடசாலை ஒரே நாளில் கதவைச் சாத்தியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆளுக்குக் கிட்டத்தட்ட 70,000 டொலர், பெரும்பாலும் கடன் எடுத்து முன்கூட்டியே கட்டிய காசு. 2012இல் அயர்லாந்தின் வோட்டர்போர்ட்டில் இருந்த விமானிப் பயிற்சிக் கல்லூரி படுத்தபோது அதன் மாணவர்கள் புளோரிடாவில் பயிற்சியின் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் டேசைட் ஏவியேஷன் மூடப்பட்டது. அது 1968இல் தொடங்கிய பாடசாலை. இவர்கள் எல்லோருமா கமக்காரன் வீட்டுப் பிள்ளைகள்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. வங்கி உங்களுக்குச் சும்மா காசு தரவில்லை. வன்னியில் பல காணிகள் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணிகள், வங்கி அவற்றை இலேசில் பிணையாக எடுக்காது. அதனால்தான் அக்காவின் நகை உள்ளே போனது. நகையை நிறுத்து, உரைத்துப் பார்த்து, பெறுமதியில் ஒரு பங்கைத்தான் கையில் தந்திருப்பார்கள். அதே காசைக் கொண்டுபோய்ப் பாடசாலையில் முழுதாகக் கொடுத்தபோது நீங்கள் என்ன பிணை கேட்டீர்கள்? ஒரு பற்றுச்சீட்டு. நீங்கள் கட்டணம் கட்டியதாக நினைத்தீர்கள். உண்மையில் அந்தக் கம்பனிக்கு வட்டி இல்லாமல் கடன் கொடுத்திருக்கிறீர்கள். கம்பனி முறிந்தால் விமானத்தை ஈடாக வைத்திருக்கும் வங்கிக்கும் தொழிலாளர் சம்பளத்துக்கும் வரிக்கும் போன பிறகு மிச்சம் இருந்தால்தான் உங்கள் முறை. மிச்சம் இருப்பது அபூர்வம்.

இந்தப் பாடசாலைகள் எல்லாம் கள்ளர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். சின்னச் செஸ்னா விமானத்துக்கு எரிபொருள், உதிரிப்பாகம் எல்லாமே டொலரில்தான் வரவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியது. பழைய விலைக்குக் கணக்குப் போட்டு முன்பணம் வாங்கியவன் புதிய விலையில் மாணவனைப் பறக்க வைக்க வேண்டும். கையில் காசு இல்லை. அப்போது என்ன செய்வான்? புதிதாகச் சேர்ந்தவனின் காசில் பழையவனுக்கு எரிபொருள் அடிப்பான். எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் ஓடுவதற்கு முன் செய்வதும் இதுதான். சேருகிற ஆட்கள் குறைந்த மாதம் எல்லாம் கவிழும். ஆகவே 'முழுக்காசையும் இப்போ கட்டினால் கழிவு' என்று யாராவது சொன்னால், அவனுக்கு இப்போ காசு அவசரம் என்றுதான் எனக்குக் கேட்கிறது.

சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அங்கீகாரம் இருந்ததே என்று கேட்பீர்கள். அது பயிற்சியின் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் தருகிற அங்கீகாரம். உங்கள் காசுக்கு உத்தரவாதம் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2012இல் இருந்து வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது: கல்வி நிறுவனம் மூடினால் வேறு இடத்தில் சேர வழி செய்வார்கள், அது சரிவராவிட்டால் படிக்காத பகுதிக்கான கட்டணம் திரும்பி வரும். இங்கே அப்படி ஒன்றை நம்பிக் காசு கட்ட முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மருமகனின் பறப்புப் பதிவேடு எங்கே? காசைவிட முதலில் அதைத் தேடுங்கள். தேதி, விமானத்தின் வகை, 4ஆர் என்று தொடங்கும் பதிவு எண், எங்கிருந்து எங்கே, பயிற்றுநருடன் பறந்தது எவ்வளவு, தனியாகப் பறந்தது எவ்வளவு, கடைசியில் பயிற்றுநரின் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் இவ்வளவும் இருக்கவேண்டும். கையெழுத்து இல்லாத வரியை அடுத்த பாடசாலை ஏற்பது சந்தேகம். வணிக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலம் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஒரே தொடர் பயிற்சியாகச் செய்தால் 150. அவன் பறந்த மணித்தியாலங்கள் அவனுடைய சொத்து, பாடசாலை மூடியதால் அவை அழிந்துபோவதில்லை. ஆனால் சாட்சி சொல்லக்கூடிய பயிற்றுநர் நாளைக்கு வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். இந்தக் கிழமையே ஆளைப் பிடித்து விடுபட்ட கையெழுத்துகளை வாங்குங்கள். பாடசாலையில் அவனுக்கென்று வைத்திருந்த பயிற்சிக் கோப்பின் பிரதியும் வேண்டும். தொடர் பயிற்சியில் சேர்ந்திருந்தால், நடுவில் இடம் மாறும்போது பறந்த மணித்தியாலத்தில் எவ்வளவைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை அதிகார சபையிடமே எழுத்தில் கேளுங்கள். புதுப் பாடசாலை வாயால் சொல்வதை நம்பவேண்டாம்.

காசு விசயத்தில் நான் பெரிய நம்பிக்கை தரமாட்டேன். கம்பனி சட்டப்படி கலைக்கப்படுகிறதா, சும்மா பூட்டிவிட்டுப் போனார்களா என்று பாருங்கள். கலைக்கிறார்கள் என்றால் வர்த்தமானியில் அறிவித்தல் வரும், குறித்த நாளுக்குள் கலைப்பாளரிடம் உங்கள் உரிமைக்கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். சும்மா பூட்டியிருந்தால் வழக்குப் போடலாம். எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம், வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் கிளிநொச்சியில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். கனடா மாமாவின் காசு எந்த வழியாக வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வங்கி வழியாக இல்லாமல் ஆள்மூலம் உண்டியலில் வந்து கையில் கட்டியிருந்தால் அதற்கு ஒரு துண்டும் இருக்காது. இனிமேல் வெளிநாட்டு உறவுகள் உதவுவதென்றால் அவர்களே தங்கள் கடனட்டையில் நேராகப் பாடசாலைக்குக் கட்டட்டும். பிரித்தானியாவில் 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கோ சேவைக்கோ கடனட்டையில் கட்டினால், விற்றவன் ஏமாற்றும்போது அட்டை கொடுத்த வங்கியும் சேர்ந்து பொறுப்பு. ஆனால் அட்டைக்காரரின் பெயர் ஒப்பந்தத்திலும் இருக்கவேண்டும். மற்ற நாடுகளில் விதி வேறு, மாமாவைத் தன் வங்கியில் கேட்கச் சொல்லுங்கள்.

புதுப் பாடசாலைக்கு முழுக்காசைக் கட்டாதீர்கள், எவ்வளவு கழிவு தந்தாலும். ஐந்து மணித்தியாலத்துக்கோ பத்து மணித்தியாலத்துக்கோ கட்டுங்கள், பறந்து முடிய அடுத்தது. மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். போகிற அன்று பறக்கக்கூடிய நிலையில் எத்தனை விமானம் நிற்கிறது என்று மருமகன் தன் கண்ணால் பார்க்கட்டும், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் போன மாதம் எத்தனை மணித்தியாலம் பறந்தாய் என்று தனியாகக் கேட்கட்டும். கந்தோரில் இருப்பவர் சொல்லும் கணக்கும் பிள்ளைகள் சொல்லும் கணக்கும் ஒத்துவராவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வரலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். அப்புறம், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று எடுத்திருந்தால் அதன் திகதியையும் பாருங்கள். அவன் வயதுக்கு அது 12 மாதம்தான் செல்லும்.

அன்புடன்,
அண்ணா