கவ்பாய் பீபாப்பை இப்போது பார்த்தால் சுமாராகத் தெரிகிறதே, மாறியது அதுவா, நானா?

சின்ன வயதில் சிடியில் பார்த்த இந்த ஜப்பானிய அனிமே தொடரை இப்போது மறுபடி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். கதை லூசாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதைப் பிறகு பார்க்கலாம், மற்ற குறை மூன்று. கதாநாயகன் ஸ்பைக்கின் முகம் அகலமாகத் தெரிகிறது, அசைவு ரப்பர் மாதிரி இழுக்கிறது, தொடக்க இசை நினைவில் இருந்ததைவிட மந்தமாக ஒலிக்கிறது. இதில் ஒன்றுகூட 1998இல் அதை எடுத்தவர்கள் செய்த தப்பு இல்லை. முதல் இரண்டும் உங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் 55 இன்ச் டிவியின் வேலை. மூன்றாவது, அந்தக் காலத்தில் சேலத்துக் கடையில் வாங்கிப் பார்த்த சிடியின் வேலை. முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் இந்தத் தொடரில் குறை இருக்கிறது, ஆனால் அது வேறு குறை. ரசிகர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், இயக்குநர் ஷினிசிரோ வாடனாபே மேல் எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

முகத்தில் ஆரம்பிக்கலாம். 26 செஷனும் (எபிசோடுக்கு இந்தத் தொடரில் அதுதான் பெயர்) 4:3 சட்டத்தில், அதாவது அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில் எடுத்தவை. உங்கள் டிவி 16:9. பென் டிரைவைச் செருகிப் போட்டால் சில டிவிகள் தாமாகவே பக்கவாட்டில் இழுத்து முழுத் திரையையும் நிரப்பிவிடும். உருவம் மூன்றில் ஒரு பங்கு அகலமாவது அதனால்தான். 'ஜூம்' வைத்தால் முகம் சரியாகும், ஆனால் உயரத்தில் கால்வாசி போய்விடும். தலைக்குப் பரிசு வைத்த குற்றவாளிகளை அறிவிக்கும் அந்த 'பிக் ஷாட்' நிகழ்ச்சி வரும்போது தொகுப்பாளர்களின் தொப்பி வெட்டுப்பட்டால் நீங்கள் ஜூமில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிக்சர் சைஸில் 4:3 அல்லது ஒரிஜினல் வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். காசு கொடுத்து வாங்கிய டிவியில் பட்டையா என்று வீட்டில் கேட்பார்கள், அதைச் சமாளிப்பது உங்கள் பாடு.

அடுத்தது ரப்பர் அசைவு. படம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடுகிறது, ஆனால் 24 தனி ஓவியம் கிடையாது. பேசுகிற காட்சிகளில் ஒரே ஓவியம் மூன்று சட்டம் நிற்கும், அதாவது நொடிக்கு 8 ஓவியம்தான். சண்டை வந்தால் இரண்டு சட்டத்துக்கு ஒன்று, சில இடத்தில் சட்டத்துக்கு ஒன்று என்று ஏறும். நின்று நின்று சட்டென்று பாயும் அந்தத் தாளம் திட்டம் போட்டு வைத்தது. டிவியில் இருக்கும் மோஷன் ஸ்மூத்திங் இரண்டு ஓவியத்துக்கு நடுவே இல்லாத ஓவியங்களைத் தானே தயாரித்துச் செருகுகிறது. ஓவியக் கோடு எங்கிருந்து எங்கே போனது என்று அதற்குப் பிடிபடாததால் ஸ்பைக்கின் கை உருகி வேறிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். எந்தப் பெயரில் இருந்தாலும் ஆஃப் செய்யுங்கள். நாய்ஸ் ரிடக்ஷனையும் ஆஃப் செய்யுங்கள், அது பிலிம் துகளைத் துடைக்கிற சாக்கில் மெல்லிய கோட்டையும் துடைத்துவிடுகிறது. பிக்சர் மோடு 'விவிட்' இருந்தால் 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். விவிட் என்பது சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் டிவி கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிக்க வைத்தது, வீட்டுக்கு வேண்டாம்.

இசை. நம்மூர் பழைய டிவிகள் PAL என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 படம். 24இல் எடுத்ததை 25இல் ஓட்டி மாற்றிய காப்பியில் எல்லாமே 4 சதவீதம் வேகம். சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். இசையமைப்பாளர் யோகோ கன்னோவின் அந்தப் பித்தளை வாத்தியங்களை அந்த ஏறிய சுருதியிலேயே கேட்டு வளர்ந்த காதுக்கு அசல் மந்தமாகத்தான் கேட்கும். நாலைந்து செஷன் ஓடினால் காது பழகிவிடும். அந்தச் சிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான் என்பதையும் ஞாபகம் வையுங்கள். அன்று கண்ணில் படாத தவறெல்லாம் இன்று படுவது இயல்பு.

இனி உண்மையான விமரிசனம்.

இணையத்தில் எல்லோரும் முதலில் பிடிப்பது இயற்பியலை. எனக்கு அது தொடரின் பலமான பக்கம் என்றுதான் படுகிறது. 7ஆம் செஷனில் ஸ்பைக் விண்வெளி உடுப்பே இல்லாமல் காக்பிட்டைத் திறந்து வெளியே பாய்கிறான், துப்பாக்கியைச் சுட்டு அந்த உதைப்பில் நகர்கிறான். வெற்றிடத்தில் மனிதன் பலூன் மாதிரி வெடிக்க மாட்டான், பத்துப் பதினைந்து நொடி நினைவு இருக்கும். 1966 டிசம்பரில் நாசாவின் வெற்றிட அறையில் ஒரு பொறியாளரின் உடுப்புக் குழாய் கழன்றது. சுமார் 14 நொடியில் நினைவு தப்பியது, உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். ஆக, காட்சியின் அடிப்படை சரி. சறுக்கல் துப்பாக்கியில். 8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டரில் போனால் உந்தம் 2.8. அதை 70 கிலோ ஆளால் வகுத்தால் நொடிக்கு 4 சென்டிமீட்டர். பத்துக் குண்டு சுட்டாலும் 40 சென்டிமீட்டர், 10 மீட்டர் கடக்க 25 நொடி. அதற்குள் நினைவு போய்விடும். அவனைக் காப்பாற்றுவது கப்பலை உதைத்துப் பாய்ந்த கால்தான், துப்பாக்கி அலங்காரம். ஆனாலும் நியூட்டனின் மூன்றாம் விதியை ஞாபகம் வைத்து ஒரு காட்சி எழுதினார்களே, அதற்கு மதிப்பெண் போடத்தான் வேண்டும்.

ஸ்பைக்கும் கூட்டாளிகளும் வசிக்கும் பீபாப் விண்கப்பலில் குடியிருக்கும் பகுதி சுற்றுகிறது, அந்தச் சுழற்சிதான் அங்கே ஈர்ப்பு விசை. ஆடிப் பொருட்காட்சியில் சுற்றும் ராட்டினத்தில் முதுகு சுவரோடு ஒட்டுகிறதே, அதேதான். ஆரம் 10 மீட்டர் என்றால் பூமி அளவு எடை வர நிமிடத்துக்கு ஒன்பதரை சுற்று வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே குமட்டும், காலைவிடத் தலை லேசாக இருக்கும். தலை சுற்றாமல் வாழ நிமிடத்துக்கு 2 சுற்று என்று வைத்தால் ஆரம் 220 மீட்டருக்கு மேல் போகும். கப்பல் வெளியிலிருந்து தெரியும் காட்சியில் மொபைல் ஸ்டாப்வாட்சை வைத்து ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று அளந்து பாருங்கள். சுற்றாத பகுதியில் யாராவது சாதாரணமாக நடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு பார்க்கும்போது நல்ல பொழுதுபோக்கு.

நிஜமான ஓட்டை நடுக்கதையில். ஸ்பைக், அவன் காதலி ஜூலியா, அவனுடைய பழைய கூட்டாளியும் இப்போதைய எதிரியுமான விஷியஸ் மூவரின் பழைய கணக்கு வருவது 5, 12, 13, 25, 26 என்று ஐந்தே செஷனில். சின்ன வயதில் 5ஆம் செஷனின் தேவாலயச் சண்டையும் வண்ணக் கண்ணாடி உடைந்து ஸ்பைக் விழும் அந்த நீண்ட விழுதலும் போதுமானதாக இருந்தது. இப்போது பார்த்தால் விஷியஸுக்கு ஒரு வாள், ஒரு பறவை, ஒரு முறைப்பு தவிர வேறு ஒன்றும் எழுதவில்லை என்று தெரிகிறது. ஜூலியா மனுஷியாக வருவதைவிட நினைவுத் துண்டாக வருவதே அதிகம். கடைசி இரண்டு செஷன் அவளுக்காக நம்மை அழச் சொல்கிறது, ஆனால் நமக்கு அவளைத் தெரியாது. அந்த இடத்தில் அழ வைப்பது கன்னோவின் இசை. திரைக்கதை செய்ய வேண்டிய வேலையை இசை இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் 'கதை லூசாக இருக்கிறது' என்று எழுதியதில் நான் ஒத்துக்கொள்வது இதை மட்டும்தான். தனித்தனிக் கதைகளில் 4ஆம் செஷன், மனிதர்களைக் குரங்காக்கும் வைரஸ் வைத்திருக்கும் சுற்றுச்சூழல் கும்பல், அன்றும் சுமார், இன்றும் சுமார்.

கப்பலில் கூட இருக்கும் பெண் ஃபே விஷயம் கொஞ்சம் சிக்கல். எழுத்து அவளுக்கு நியாயம் செய்கிறது, கேமரா செய்யவில்லை. 15ஆம் செஷனில் அவள் 54 வருடம் உறைதூக்கத்தில் கிடந்தவள் என்று தெரிகிறது. அடுத்து 18. ஒரு பார்சலில் பீட்டாமேக்ஸ் என்ற பழைய வகை வீடியோ கேசட் வருகிறது, ஓட்டிப் பார்க்க டெக் இல்லை. ஸ்பைக்கும் கூட்டாளி ஜெட்டும் பூமிக்கு இறங்கி, பாழடைந்த கட்டடத்துக்கு அடியில் அலைந்து ஒரு டெக்கைச் சுமந்து வருகிறார்கள். அது பீட்டாவின் போட்டி முறையான விஎச்எஸ். பீட்டா கேசட் சுமார் பதினைந்தரை சென்டிமீட்டர் அகலம், விஎச்எஸ் பதினெட்டே முக்கால், எப்படிப் பொருந்தும்? இந்த நகைச்சுவையைச் சின்ன வயதில் பிடித்திருக்க வாய்ப்பில்லை. பீட்டா வந்தது 1975, விஎச்எஸ் 1976. இந்தச் செஷன் ஒளிபரப்பான 1998இல் சோனி பீட்டா டெக் தயாரிப்பை இன்னும் நிறுத்தவில்லை, 2002இல்தான் நிறுத்தியது. அதாவது கடையில் கிடைத்த பொருளையே தொல்பொருளாக வைத்துக் கிண்டல் செய்திருக்கிறார்கள். பிறகு சரியான டெக் வருகிறது, கேசட்டில் சிறுமி ஃபே தன்னையே உற்சாகப்படுத்தி ஆடுகிறாள், பெரியவளுக்கு எதுவும் நினைவில்லை. இந்த அளவுக்கு எழுதிய பெண்ணை அந்த உடுப்பில் அந்தக் கோணங்களில் காட்டியிருக்க வேண்டியதில்லை. 'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். திரைக்கதையின் தலைமை எழுத்தாளர் கெய்கோ நொபுமோட்டோ ஒரு பெண், காலம் அவருக்கும் அதேதான்.

19ஆம் செஷனில் ஸ்பைக்கைக் காப்பாற்ற வருவது பழைய கொலம்பியா விண்கலம். 1999இல் அது வெறும் குஷியான முடிவு. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு அது சிதறியது. அதை இப்போது சிரித்துக்கொண்டே பார்க்க முடியவில்லை என்றால் தவறு தொடருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

ஏற்காட்டில் வீடு எடுத்து நண்பர்கள் நாலு பேர் இரண்டு நாளில் 26உம் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். செஷனுக்கு 24 நிமிடம் என்றால் 10 மணி 24 நிமிடம், முடியும். ஆனால் மலையில் நெட்டை நம்பாதீர்கள், மழை மின்னல் என்றால் கரண்டையும் நம்பாதீர்கள். லேப்டாப்பில் ஏற்றி, சார்ஜ் போட்டு, எச்டிஎம்ஐ கேபிள் மூன்று மீட்டராக எடுத்துப் போங்கள். விடுதி டிவிகளில் செட்டிங்கை ஹோட்டல் மோடு போட்டுப் பூட்டியிருப்பார்கள், பிக்சர் சைஸை மாற்ற விடாது. லேப்டாப் வழியாகப் போட்டால் கறுப்புப் பட்டையைச் சேர்த்தே 16:9 ஆக அனுப்பிவிடும், டிவிக்கு இழுக்க ஒன்றும் இருக்காது. விஎல்சி பிளேயரில் ஏ விசை விகிதம், சி விசை வெட்டு. யாராவது கைதவறி அழுத்தியிருந்தால் அங்கே பாருங்கள். போன் செயலியில் இறக்கியதை கேபிள் வழியாக டிவிக்கு அனுப்பினால் காப்புரிமைப் பூட்டால் சில நேரம் திரை கறுப்பாகவே நிற்கும், அதை மாற்று ஏற்பாடாகக்கூட வைக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. சனி ஞாயிறு அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் நடப்பது அநியாயம். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டி நின்றால் பாரத்தோடு மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளும். இது தெரியாமல் வளைவில் உள்பக்கமாக வெட்டி இறங்கி ஹாரன் அடிக்கிறார்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற புத்திசாலிகள் இன்னொரு ரகம். பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே, இரண்டிலோ மூன்றிலோ, இறங்க வேண்டும். ராத்திரி முழுக்க அனிமே பார்த்துவிட்டு விடியக்காலையில் பனியில் வண்டியை எடுக்கப் போகிறவர்கள் நீங்கள், அதனால்தான் சொல்கிறேன்.

நேரம் பத்தாது என்றால் 1, 3, 5, 7, 9, 11, 12, 13, 15, 18, 24, 25, 26 மட்டும் போடுங்கள், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். எண் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் டிவி டோக்கியோவில் 12 செஷனும் ஒரு தொகுப்புச் செஷனும்தான் வந்தன, 26உம் முழுதாக வந்தது வவ்வவ் சேனலில், 1998 அக்டோபர் முதல் 1999 ஏப்ரல் வரை. அந்தத் தொகுப்புச் செஷன் கண்ணில் பட்டால் தாண்டிவிடலாம். 2001இல் வந்த திரைப்படத்தின் கதை 22க்கும் 23க்கும் நடுவில் நடப்பது. முழுதாகப் பார்க்கிறவர்கள் அங்கேயே போட்டுவிடுங்கள், 26 முடிந்தபின் அதைப் போட்டால் நாலு பேரில் ஒருவராவது 'இவன் எப்படி மறுபடி வந்தான்' என்று கேட்பார்.