ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடக்கிறதா? பிளாஷரை விட்டுவிட்டு பல்பைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “10 வருடப் பழைய கார். இரண்டு வாரமாக இடது இண்டிகேட்டர் போட்டால் படபடவென்று அடிக்கிறது. வலது பக்கம் பழையபடிதான். ஒர்க்‌ஷாப்பில் பிளாஷர் போய்விட்டது என்று மாற்றினார்கள். அப்படியும் அதேதான். எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிடலாம் என்கிறார்கள். ஆக்கலாமா?”

வேண்டாம். பிளாஷருக்குக் கொடுத்த காசும் வீண்தான். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் சின்னப் பெட்டிதான் பிளாஷர். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிளாஷர்தான் வேலை செய்கிறது. அது கெட்டிருந்தால் வலது பக்கமும் கோளாறு காட்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால், அந்தப் பக்கத்து விளக்குகளில் ஏதோ ஒன்று கரண்ட் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பொதுவாக முன்னாலும் பின்னாலும் 21 வாட் பல்பு, பக்கவாட்டில் 5 வாட் பல்பு. மொத்தம் 47 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடும். ஒரு 21 வாட் பல்பு போய்விட்டால் அது 2 ஆம்பியர் சொச்சமாகக் குறைந்துவிடும். எலக்ட்ரானிக் பிளாஷர் இந்தக் கரண்டை அளந்துகொண்டே இருக்கிறது. குறைந்ததும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். டிரைவர் சீட்டில் இருப்பவருக்குப் பின் விளக்கு தெரியாது. அதற்காகவே செய்துவைத்த ஏற்பாடு இது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை அடிக்கலாம். 10 விநாடிக்கு எண்ணிப் பாருங்கள். 20-ஐத் தாண்டினால் வேகம்தான்.

சரி, வண்டியை நிறுத்தி இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கி ஒரு சுற்று வாருங்கள். எரியாத விளக்கு எது என்று பார்த்துக்கொண்டு, ஸ்விட்சை அணைத்தபின் அந்த பல்பைக் கழற்றுங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தாலோ, கண்ணாடி கறுத்திருந்தாலோ புது பல்பு போட்டால் முடிந்தது. மஞ்சள் பூச்சு பல்பில் கம்பி சரியாகத் தெரியாது. மல்டிமீட்டர் வைத்தால், நல்ல 21 வாட் பல்பு ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும்.

ஆனால் நம் கடற்கரையில் பல்பு நன்றாக இருந்தும் எரியாமல் கிடப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். முட்டத்தில் இருந்து ஆடி மாதச் சாரலில் ஒரு கார் வந்தது. பின்பக்க பல்பைக் கழற்றி பேட்டரியில் நேராகத் தொட்டால் பளிச்சென்று எரிகிறது. ஹோல்டரில் மாட்டினால் உயிரே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோல்டரின் அடியில் பல்பைத் தொடும் பித்தளை நாக்கின் மேல் பாசி மாதிரி பச்சையாகக் களிம்பு. அதைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. விளக்கின் ரப்பர் வாஷர் வெடித்து, அதன் வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உப்புக்காற்று வருடம் முழுக்க உண்டு. குளச்சலில் நிற்கும் உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஹோல்டரைத்தான்.

உப்புத்தாளைப் பென்சில் முனையில் சுற்றி, பித்தளை நிறம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். நாக்கு அமுங்கிப் போயிருந்தால் மெதுவாக நிமிர்த்திவிடுங்கள். பிறகு மெல்லிசாக வாசலின். அப்படியும் எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால் எர்த் பக்கம் போங்கள். கரண்ட் பாடி வழியாகத் திரும்பிப் போக, விளக்குக்குப் பின்னால் பாடியில் முறுக்கியிருக்கும் வயர் அது, பெரும்பாலும் கறுப்பு. இண்டிகேட்டர் அடிக்கும்போது யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பிரேக் விளக்கும் கூடவே மினுக்கினால் எர்த்தில்தான் கோளாறு. போல்ட்டைக் கழற்றி, அடியில் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி இறுக்குங்கள்.

எல்லா விளக்கும் எரிந்தும் வேகமாக அடிக்கிறதா? பல்பின் அடிப்பக்க உலோகத்தில் வாட் எழுத்தைப் படியுங்கள். பைக்குக்கான 10 வாட் பல்பு கார் ஹோல்டரிலும் உட்கார்ந்துவிடும், எரியவும் செய்யும். அவசரத்துக்கு யாராவது அதை மாட்டியிருக்கலாம்.

இனி எல்இடி. அது சில வாட் மட்டுமே எடுப்பதால், நீங்கள் மாட்டியதும் நான்கு பக்கமும் படபடக்கத் தொடங்கும். அதை அடக்க, பழைய பல்பு எடுத்த கரண்டைச் சும்மா இழுத்துக் காட்டும் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு விளக்குக்கும் இணையாகப் போடுவார்கள். அதில் 2 ஆம்பியர் ஓடி, தொட்டால் கை பொத்துப்போகும் அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகும். இரும்பில்தான் முறுக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை, ரெசிஸ்டர் இருக்கும்வரை எல்இடி செத்தாலும் பிளாஷருக்குத் தெரியாது. எல்இடி பிளாஷர் போட்டாலும் இதே கதி, அதுவும் கரண்டை அளப்பதில்லை. பைக்கில் எல்இடி போட்டவர்களுக்கு அந்த பிளாஷர் போதும். உட்கார்ந்த இடத்தில் இருந்து திரும்பிப் பார்த்தாலே விளக்கு தெரியும். காரில் தெரியாது. தக்கலை, மார்த்தாண்டம் சாலையில் பின்னாலேயே பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது, உங்கள் பின் விளக்கு எரியவில்லை என்று சொல்ல அந்தப் படபடப்பு மட்டுமே இருக்கிறது. காசு கொடுத்து அதை நிறுத்த வேண்டாம்.

பிளாஷரே தனியாக இல்லாமல் கம்ப்யூட்டர் யூனிட் வழியாக இண்டிகேட்டர் ஓடும் புது வண்டிகளில் வயரை வெட்டி ஒட்டவே கூடாது. பல்பு, ஹோல்டர், எர்த் மூன்றையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இடது பக்கம் சரியானதும் வலது பக்க ஹோல்டரையும் அன்றைக்கே கழற்றித் துடைத்துவிடுங்கள். அதன் மேலும் அதே காற்றுதான் அடிக்கிறது. ரப்பர் வாஷர் கடினமாகியிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றி, ஒரு வாளித் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றி, உள்ளே ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள்.