799 வெள்ளிக் கப்பல் பயணம்: முழுக் கணக்கு எவ்வளவு?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் பேராக் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும். இந்த முறை பயனீட்டாளர் பகுதிக்கு வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கப்பல் ஏறுகிறவன் என்பதால், பார்த்ததையும் பழகியதையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும், 15 வயது மகளும், 71 வயது மாமியாரும் போகலாம் என்றிருக்கிறோம். சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம், "ஒருவருக்கு 799 வெள்ளி (ரிங்கிட்) முதல்" என்று விளம்பரம். 3,200 வெள்ளி எடுத்து வைத்தால் போதுமா?
— ஆசிரியை, ஹீவுட் தோட்டம்

போதாது டீச்சர். அந்த விலை பெரும்பாலும் சன்னல் இல்லாத உள்ளறைக்கு, இருவர் சேர்ந்து தங்கினால், கூட்டம் குறைந்த நாளில் கிடைப்பது. அதற்கு மேல் துறைமுக வரி வரும். அடுத்து, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம். இது நாமாகப் பார்த்துக் கொடுக்கிற டிப்ஸ் இல்லை. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறிவிடும். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 2024 இறுதியில் சாதாரண அறைக்கு வைத்த கட்டணம் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 18.50 அமெரிக்க டாலர். நான்கு பேர், மூன்று இரவு என்றால் 222 டாலர். நம் காசுக்கு 900 வெள்ளியை ஒட்டி வரும். பிள்ளைகளுக்கும் இதே கட்டணம்தான். எல்லாக் கப்பலிலும் இதே தொகை இருக்காது, ஆனால் இப்படி ஒரு தொகை இல்லாத கப்பலைக் காண்பது அரிது.

அப்புறம் சிங்கப்பூர் போய்ச் சேருகிற செலவு. சுங்கை சிப்புட்டிலிருந்து அன்றைக்கே போய் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஜோகூர் பாலத்தில் விடுமுறை நெரிசல் எத்தனை மணி நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகளைப் பதிவு செய்யும் முகப்பை மூடிவிடுவார்கள். முதல் நாளே போய் ஓர் இரவு தங்குங்கள். அந்த அறை வாடகையையும் பயணச் செலவோடு சேர்த்துப் போடுங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு உண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில், மற்றொன்று மரினா பேயில். இரண்டும் பக்கத்து பக்கத்தில் இல்லை. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள்.

முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் நால்வர் பெயருக்கும் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்." எழுதித் தர மழுப்புகிறவரிடம் முன்பணம் கட்டவே வேண்டாம்.

இன்னொன்று, நால்வருக்கும் ஒரே அறை எடுத்தால் மலிவு என்பார்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவது உண்மைதான், ஆனால் வரியும் சேவைக் கட்டணமும் குறையாது. அந்த இரண்டு பேருக்குப் படுக்கை எங்கே என்று பார்த்தால், பல கப்பல்களில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கிவிடுகிற மேல்கட்டில். அதை இறக்கிவிட்டால் நடக்கவே இடம் இருக்காது. இரவில் மாமியார் எழுந்து குளியலறை போக, இருட்டில் ஏணியைச் சுற்றி, பெட்டிகளைத் தாண்டிப் போக வேண்டும். காலையில் நால்வரும் ஒரு குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். பால்கனி வைத்த ஒரே அறைக்குக் கொடுக்கிற காசில், எதிரெதிரே இரண்டு உள்ளறை கிடைக்குமா என்று விலை கேளுங்கள். என் விருப்பம் எப்போதும் அதுதான். கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது, அதற்குத் தனிக் காசு இல்லை.

தேதி விஷயத்தில் நம் பள்ளி நாள்காட்டியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரில் புறப்படுகிற கப்பலுக்கு விலையை ஏற்றுவது சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. ஜூன் மாதமும், நவம்பர் பிற்பாதி முதல் டிசம்பர் வரையும் அங்கே நீண்ட விடுமுறை. நமக்கு விடுமுறை இருந்து அவர்களுக்கு இல்லாத வாரம் அமைந்தால் அதுதான் நல்ல வாரம். திங்களோ செவ்வாயோ புறப்படுவது வெள்ளிக்கிழமைப் பயணத்தைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி, பேருந்தில் போனாலே தலைசுற்றல். கப்பல் ஒத்துக்கொள்ளுமா? எந்த அறை எடுப்பது?
— செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர், சுங்கை சிப்புட்

காலம் பார்த்துப் போனால் ஒத்துக்கொள்ளும். மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பினாங்கு, லங்காவி, போர்ட் கிள்ளான் என்று அந்த நீரிணைக்குள்ளேயே சுற்றும் கப்பல் முதல் பயணத்துக்கு நல்லது. புக்கெட் பக்கம் அந்தமான் கடல் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொஞ்சம் ஆட்டிவிடும். வியட்நாம் பக்கம் போகிற கப்பலானால் நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலில் அலை பெரிதாக இருக்கும். டிசம்பரில் அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள் அண்ணே.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து எடுங்கள். ஆட்டம் மிகவும் குறைவாகத் தெரிவது அங்கேதான். முனையிலும் உச்சியிலும்தான் அசைவு அதிகம். மேல்தளத்து அறைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், அம்மாவுக்கு அது வீண். லிஃப்டுக்குச் சற்று அருகில் இருக்கட்டும், ஆனால் ஒட்டினாற்போல் வேண்டாம், பேச்சுச் சத்தம் ஓயாது. அதைவிட முக்கியம், தளப்படத்தைத் திறந்து உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால், பொழுது விடியும் முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் நேரே தலைக்கு மேல் கேட்கும். கீழே நாடகக் கொட்டகையோ டிஸ்கோவோ இருந்தால் நடுநிசி வரை தரை அதிரும். "அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே முடிவு செய்யும்" என்ற மலிவுச் சலுகை இளையவர்களுக்குச் சரி. அம்மாவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எண் பார்த்து எடுங்கள்.

முகவரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று, கப்பல் துறைமுகத்தில் கட்டுமா அல்லது கடலில் நங்கூரமிட்டுச் சிறுபடகில் கரைக்குக் கொண்டுபோவார்களா என்பது. புக்கெட்டின் பாத்தோங் கடற்கரையில் சிறுபடகுதான். ஆடுகிற படகில் கால் வைத்து இறங்குவது மூட்டுவலிக்காரருக்குச் சிரமம். பினாங்கில் சுவெட்டன்ஹாம் முனையத்தில் கப்பல் நேரே கட்டும். மெதுவாக நடந்தால்கூட லிட்டில் இந்தியாவுக்கும், 1833இல் கட்டப்பட்ட குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கும் போய் வரலாம்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். முனையத்தில் நடக்கிற தூரம் நினைப்பதைவிட அதிகம். தலைசுற்றல் மாத்திரை எதுவானாலும் மருத்துவரைக் கேட்டு, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. இங்கேயே பிறந்து பால்மரம் வெட்டியவர், ஆனால் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். குடும்பத்தோடு அவரையும் கப்பலில் கூட்டிப் போக முடியுமா?
— மகள், சுங்கை சிப்புட்

தங்கச்சி, முன்பணம் கட்டும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாயிற்று. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது, அதை வைத்து மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எடுக்க முடியாது. வேறு நாட்டுக் கடப்பிதழும் இல்லையென்றால் குடிநுழைவுத் துறையிடம் தனிப் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாடு திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதியும் வேண்டும். அந்தப் பத்திரத்தோடு போகிறவரிடம், நமக்கு விசா கேட்காத நாடுகளும் விசா கேட்கக்கூடும். இதில் ஒன்று குறைந்தாலும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. முதலில் குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள், பத்திரம் கைக்கு வந்த பிறகு கப்பலைத் தேடுங்கள்.

வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் உழைத்தவருக்கு இத்தனை தடை என்பது மனத்தை அறுக்கிறது. பத்திரம் கிடைக்கத் தாமதமானால், கோலப் பெர்லிஸிலிருந்தோ கோல கெடாவிலிருந்தோ லங்காவி படகில் அப்பாவைக் கூட்டிப் போங்கள். உள்நாட்டுப் பயணம், கடப்பிதழ் தேவையில்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பயணம் முடிகிற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க 200 வெள்ளி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 100 வெள்ளி. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம், வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். காசு கேட்கிற தளம் அரசாங்கத் தளமில்லை, மூடிவிடுங்கள்.

கேள்வி: மாட்டிறைச்சி சேர்க்காத குடும்பம், அம்மா செவ்வாய் வெள்ளி சைவம். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

கூடாது. ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் தீ அபாயம் என்று முனையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் சமைத்த சாப்பாட்டுக்கும் அனுமதியில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்குப் பொட்டலம் பிரச்சினையாவதில்லை. 2022இல் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய கெந்திங் ட்ரீம் கப்பலில் ஹலால் சமையலும் இந்திய சைவச் சமையலும் உண்டு. எந்தக் கப்பலானாலும் முன்பதிவில் எழுதிக் கொடுங்கள், முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் தலைமைப் பரிசாரகரிடமும் சொல்லுங்கள். இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியும், விலகிவிடலாம். சூப்பிலும் பழுப்புக் குழம்பிலும் மாட்டெலும்புச் சாறு கலந்திருந்தால் தெரியாது, கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி: போன முறை போய் வந்த என் நண்பருக்குக் கைப்பேசிக் கட்டணம் பல நூறு வெள்ளி வந்தது. ஏன்?

கரையை விட்டு விலகியதும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். நாம் வாங்குகிற சாதாரண ரோமிங் பொதிகளில் அது சேராது. கப்பல் நகரும் முன்பே கைப்பேசியை விமான நிலைக்கு (ஃபிளைட் மோடு) மாற்றிவிடுங்கள். இணையம் கட்டாயம் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையைப் புறப்படும் முன்பே இணையத்தில் வாங்குங்கள், உள்ளே போய் வாங்கினால் பெரும்பாலும் விலை கூட.

நேரத்தையும் கவனியுங்கள். புக்கெட் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையிறங்கியதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ பழைய நேரத்திலேயே இருக்கலாம். ஏற வேண்டிய கடைசி நேரம் எந்தக் கடிகாரத்தில் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது.

கேள்வி: நீங்கள் பையில் என்ன எடுத்துப் போவீர்கள்?

காந்தக் கொக்கிகள் நாலைந்து. கப்பல் அறைச் சுவர் எஃகு, அதில் பச்சென்று ஒட்டும். ஈரத் துணி, தொப்பி, கைப்பை எல்லாம் மாட்டிக்கொள்ளலாம், சின்ன அறையில் தரை காலியாக இருக்கும். உள்ளறைக்குச் சிறு இரவு விளக்கு ஒன்று, விளக்கணைத்தால் கை தெரியாத இருட்டு. குளிர்சாதனத்துக்கு ஒரு சால்வை. தண்ணீர்ப் புட்டி, நிரப்பிக்கொள்ளலாம். சோப்பு, ஏனென்றால் கப்பலில் பரவுகிற நோரோவைரஸ் வயிற்றுப்போக்குக்குக் கைச் சுத்திகரிப்பான் (சானிட்டைசர்) அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் காப்பு.

பெரிய பெட்டியை முனையத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வர மாலை ஆகலாம். மாத்திரை, கடப்பிதழ், ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும்.

கப்பலுக்குள் வாங்குவதெல்லாம் அறைக் கணக்கில் ஏறும். இரண்டாம் நாளே சேவை முகப்பில் பில்லை அச்சிட்டு வாங்கிப் பாருங்கள். கடைசி நாள் காலையில் அங்கே வரிசை நீளும், அவசரத்தில் தவறான கணக்குக்கும் தலையாட்டிவிட்டு இறங்குவார்கள். அந்தக் கணக்குக்கு டெபிட் அட்டையைக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே பிடித்து வைக்கிற தொகை திரும்பப் பல நாளாகும், சம்பளக் காசு அதில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: முகவரிடம் 1,500 வெள்ளி முன்பணம் கட்டினேன். பயணத்தை அவரே ரத்து செய்துவிட்டு, பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், கோல கங்சார்

ரத்து செய்தது அவர் என்பதால் பணத்தைக் கேட்பது நியாயம். வவுச்சரை ஏற்றுக் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு, தேதி குறிப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை இருக்கலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலும் பதியலாம். ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். தீர்ப்புக்கு 14 நாளுக்குள் பணியாதது குற்றம்.

சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் அவருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். உரிமமில்லாமல் பயண முகவர் தொழில் நடத்தக்கூடாது. இல்லையென்று தெரிந்தால் அமைச்சிலும் புகார் செய்யுங்கள். பணத்தை நிறுவனக் கணக்குக்குப் போடாமல் தனியாள் கணக்குக்குப் போடச் சொன்னவர், இப்போது தொலைபேசியையும் எடுக்கவில்லை என்றால் அது மோசடி. அப்போது தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ச்செயல் மையத்தின் 997 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டு, காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.