ஆய்வுப் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்

உப்புவெளி அம்மாவுக்கு வணக்கம்.

உயர்தரப் பரீட்சையில் மகள் பெற்ற இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்கு எட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவளோ மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு, புற்றுநோய்ப் பரம்பரையியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். இவ்வளவு எழுத ஓர் ஆயுள் போதுமா, இது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள்.

இப்படிப்பட்ட பட்டியல்களில் பெரும்பாலும் புதியது மேலே, பழையது அடியில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் யாருக்கும் மலைப்புத்தான். அடியிலிருந்து வாருங்கள். 1975இல் மனிதனுடைய புரதங்களும் சிம்பன்சியுடையவையும் ஏறத்தாழ 99 சதவீதம் ஒத்தவை என்ற கட்டுரை. கிங்கின் கலாநிதிப் பட்ட ஆய்வில் பிறந்தது. அவர் பெயர் முதலில், வழிநடத்திய அலன் வில்சனின் பெயர் பிறகு. 1988இல் 1,500க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து, மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியது. 1990இல் 23 குடும்பங்களின் மரபுத் தடயங்களைப் பின்தொடர்ந்து, காரணமான பரம்பரையலகு (ஜீன்) 17ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது என்று அறிவித்தது. இந்தக் கட்டுரையில் கிங்கின் பெயர் கடைசியில். பயந்துவிடாதீர்கள், உயிரியல் கட்டுரைகளில் பெரும்பாலும் பரிசோதனைகளைக் கையால் செய்தவர் முதலில் வருவார், ஆய்வுகூடத்தை நடத்துபவர் கடைசியில் வருவார். 1994இல் அந்தப் பரம்பரையலகைப் பிரித்தெடுத்ததோ வேறொரு குழு. அதற்காக 1990ஆம் ஆண்டுக் கட்டுரையின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது எத்தனை கட்டுரை என்பதையல்ல. ஒரே கேள்வியை எத்தனை காலம் விடாமல் பிடித்திருந்தார் என்பதை. எண்ணிக்கையைக் காட்டி மிரட்டும் பட்டியல்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இன்னொன்று, உங்கள் மகள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடியது: கிங்கின் முதற்பட்டம் கணிதத்தில். அவளுக்குக் குறை இசட் புள்ளியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. உயிரியல் பிரிவில் உயர்தரக் கணிதம் இல்லாததால், பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் என்றதும் நம் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் அதைத் தொடங்கட்டும். ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியே போதும். விரிவுரைகள் ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கில வாசிப்பும் கூடவே நடக்கட்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் தெரிவுகளில் விஞ்ஞான பீடங்களை மேலே போடுங்கள். பேராதனையில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிரியல் தொழில்நுட்பத்துக்கும் தனித் துறையே உண்டு. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் பேராதனையைவிட வீட்டுக்குக் கிட்ட. உயிரியல் அடித்தளத்துக்கு அதுவும் போதும். பட்டமேற்படிப்புக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு நிறுவகம் இருக்கிறது. அமெரிக்காவில் இத்துறையில் கலாநிதிப் பட்டம் படிப்பவர்கள் பெரும்பாலும் உதவித்தொகையில்தான் படிக்கிறார்கள், காணி விற்க வேண்டியதில்லை.

வேலையைப் பற்றி மழுப்ப மாட்டேன். இலங்கையில் ஆய்வுப் பணியிடங்கள் குறைவு. விரிவுரையாளராக வர நல்ல வகுப்புச் சித்தி வேண்டும். படிப்பு முடிந்ததும் சம்பளம் அவசியம் என்ற நிலை வீட்டில் இருந்தால், யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தையும் தெரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தும் ஆய்வுக்குப் போகலாம், கொஞ்சம் சுற்று அதிகம்.

தெரிவு வரிசையை அனுப்புமுன் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாதாரண தரக் கணிதப் பெறுபேறும் கையில் இருக்கட்டும்.